கூடிய புள்ளி பெற்றவன் பெற்றது என்ன?

ஓர் இளைஞன் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். நேற்றுவரை அவன் எட்டிய உச்சம் 18,000 புள்ளிகள். இன்று 20,000-ஐத் தாண்டிவிட்டான். அவன் முகம் மலர்கிறது. பக்கத்தில் இருப்பவனைத் தட்டிக் காட்டுகிறான். அந்த மகிழ்ச்சியில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அவன் பெற்றது என்ன? அந்த 20,000 எங்கே இருக்கிறது? அதனால் அவன் நேற்றைவிட எந்த வகையில் மேலானவன்?

அற்பமான கேள்வி என்று சிலர் இதை ஒதுக்கிவிடலாம். நமது உட்துறைமுக வீதியில் மாலையில் காற்று வாங்க வருகிறவர்களைப் பாருங்கள். முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் வாடகைக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் உறக்கம் வராமல் இருப்பவர்களைப் பாருங்கள். குனிந்திருக்கும் தலைகளுள் பல ஏதோ ஒரு புள்ளியைத் துரத்திக்கொண்டிருக்கின்றன. மனிதர் தமது நேரத்தையும் கவனத்தையும் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது ஒருபோதும் அற்பமான கேள்வி ஆகாது. பெற்றோர் பலர் இதற்கு இரண்டே பதில்களை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். "வெறும் விளையாட்டுத்தானே, விடுங்கள்" என்பது ஒன்று. "வீண் வேலை, அதைத் தூக்கி எறி" என்பது மற்றது. இரண்டுமே அவசரப் பதில்கள் என்பது நமது எண்ணம்.

பியர் பரிமாறும் விளையாட்டு

குறிப்பிட்ட ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டால் சிந்தனை தெளிவாகும். இணையத்தில் காசில்லாமல் ஆடக்கூடிய எளிய விளையாட்டுகளுள் பியர் பரிமாறும் விளையாட்டும் ஒரு வகை. இந்த வகைக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்த 'டாப்பர்' என்னும் இயந்திர விளையாட்டு. சிக்காகோ நகரில் பொம்மைகளையும் விளையாட்டுகளையும் வடிவமைத்துவந்த மார்வின் கிளாஸ் நிறுவனத்தார் அதை உருவாக்க, பாலி மிட்வே நிறுவனம் வெளியிட்டது.

திரையில் நான்கு நீண்ட மேசைகள் இருக்கும். ஒவ்வொரு மேசையின் மறுகோடியிலிருந்தும் குடிக்க வந்தவர்கள், பரிமாறுபவனை நோக்கி நெருங்கிக்கொண்டே வருவார்கள். அவன் குழாயைத் திறந்து குவளையை நிரப்பி, மேசை வழியே வழுக்கிவிட வேண்டும். குவளை கிடைத்தவன் பின்னால் தள்ளப்படுவான். வாசல்வரை தள்ளப்பட்டால் மறைந்துவிடுவான். இடையில் நின்றுவிட்டால் குடித்து முடித்து, வெறுங் குவளையைத் திருப்பி வழுக்கிவிட்டு மறுபடியும் முன்னேறுவான். அந்தக் குவளை கீழே விழுமுன் பிடித்துக்கொள்ள வேண்டும். குடிக்க வந்தவன் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தாலும் தோல்வி. ஆளில்லாத மேசையில் குவளையை விட்டாலும் தோல்வி. பரிமாறப் பரிமாறப் புள்ளி ஏறும். புள்ளி ஏற ஏற வேகமும் கூடும்.

இதில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு மேசைகளையும் ஒரே பார்வைக்குள் வைத்திருக்க வேண்டும். எந்தக் குவளை எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே மனதில் கணித்திருக்க வேண்டும். கை பதறக் கூடாது. கரம் பலகையில் காயை விளிம்பில் மோதவிட்டுத் திருப்பிக் குழிக்குள் விழுத்துகிறவனின் நிதானமும் இதுவும் ஓரினத்தைச் சேர்ந்தவையே. ஆகவே அந்த இளைஞன் ஒன்றும் பெறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. முயன்றான், தவறினான், பழகினான், கைவரப் பெற்றான். அது மனிதனுக்கு இயல்பான இன்பம்.

பயனில்லாதது தீயதா?

"சரி, அந்தத் திறமையால் என்ன பயன்?" என்று தகப்பன் கேட்பார். பயன் இல்லைதான். ஆனால் பயனில்லாத யாவும் தீயவை ஆகிவிடுமா? கரம் ஆட்டத்தில் காய் குழிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதைக் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். யார் தடுப்பது? அப்படிச் செய்யாமல், தேவையில்லாத ஒரு தடையை நாமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டு அதை வெல்ல முயல்கிறோம். விளையாட்டின் இலக்கணமே இதுதான் என்று 1978-இல் தாம் வெளியிட்ட நூலில் விளக்கினார், கனடாவில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர் பேர்னாட் சூட்ஸ். பயனை முன்னிட்டுச் செய்கிற வேலைகளுக்கெல்லாம் இறுதியில் ஒரு முடிவு வேண்டும் அல்லவா? எதற்காகவும் அல்லாமல் அதற்காகவே செய்யப்படுகிற ஒன்று வாழ்க்கையில் இல்லாவிட்டால், நமது உழைப்பு முழுவதும் எங்குமே போய்ச் சேராத பாதையாகிவிடும்.

திருச்சபையின் பெரிய அறிஞர்கள் விளையாட்டை வெறுத்தார்கள் என்று எண்ணுவதும் தவறு. புனித தோமஸ் அக்குவினாஸ் விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, அளவோடு விளையாடி மகிழத் தெரிவதை அவர் ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். அங்கே பழைய கதை ஒன்றையும் எடுத்துச் சொல்கிறார். அப்போஸ்தலரான புனித அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் பட்டார்களாம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனைப் பார்த்து, அம்பெய்யும்படி அருளப்பர் சொன்னார். அவன் பலமுறை எய்தான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டபோது, வில் முறிந்துபோகும் என்றான். மனிதனின் மனமும் அப்படித்தான் என்று அவர் விளக்கினாராம். அதிக விளையாட்டு குற்றம் என்று சொல்லும் அதே தோமஸ், சிரிக்கவோ பிறர் சிரிப்பைப் பொறுக்கவோ தெரியாதவனிடமும் குறை உண்டு என்கிறார். சக்கரியாஸ் தீர்க்கதரிசி மீட்கப்பட்ட ஜெருசலேமைக் கற்பனை செய்தபோது, அதன் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதைத்தான் சமாதானத்தின் அடையாளமாகக் கண்டார்.

புனித அகுஸ்தீன் தமது சிறுவயதைப் பற்றி எழுதியது இன்னும் கூர்மையானது. படிப்பை விட்டுப் பந்து விளையாடியதற்காக அவர் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினார். விளையாடியது தம் குற்றம் என்று ஒப்புக்கொள்கிற அவர், அடித்த ஆசிரியரையும் சும்மா விடவில்லை. சக ஆசிரியர் ஒருவரோடு ஏதோ ஓர் அற்ப விவாதத்தில் தோற்றுவிட்டால், பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிட அதிகமாய் அந்த ஆசிரியர் பொறாமையால் வெந்தார் என்று எழுதுகிறார். பெரியவர்களின் விளையாட்டுக்கு 'அலுவல்' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறிக்குமுன் நாம் எந்தப் புள்ளியைத் துரத்துகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முடிவுள்ள ஆட்டமும் முடிவில்லா ஆட்டமும்

விளையாடுவது குற்றமல்ல என்றால், நமது மனதை உறுத்துவது என்ன? புள்ளியின் தன்மையைச் சற்று ஆராய்வோம்.

நம் ஊர்களில் ஆண்களும் பெண்களும் ஆடிவரும் கடதாசி விளையாட்டு 304. அந்த எண் எப்படி வந்தது என்று சில இளைஞருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. மொத்தம் 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்தால் 304. அதாவது கட்டு முழுவதிலும் உள்ள புள்ளிகளே அவ்வளவுதான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு கையில் அதற்கு மேல் ஒரு புள்ளிகூட யாராலும் எடுக்க முடியாது. அடுத்த கை போட்டவுடன் எல்லாரும் மறுபடியும் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். எதிரே துணைவன் இருக்கிறான். பக்கத்தில் எதிராளி இருக்கிறான். சிரிப்பும் சீண்டலும் இருக்கின்றன. விளக்கை அணைக்கும் நேரம் வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். கிளித்தட்டும் அப்படித்தான். இருட்டினால் ஆட்டம் முடிந்தது.

திரை விளையாட்டின் புள்ளிக்கு இந்த வரம்பு இல்லை. 1978-இல் யப்பானிலிருந்து வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டு, அதுவரை ஆடியவர்களுள் கூடிய புள்ளி பெற்றவரின் எண்ணைத் திரையின் உச்சியிலேயே காட்டியது. அடுத்த ஆண்டு வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்', அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகளில் பெயர் பதிக்க இடம் கொடுத்தது. அன்றிலிருந்து ஆடுபவனுக்கு எதிரே இருப்பது மனிதன் அல்ல, ஓர் எண். அதை முறியடித்தால் அடுத்த எண் பிறக்கிறது, அதுவும் அவனுடையதே. பியர் பரிமாறும் விளையாட்டில் கடைசி வாடிக்கையாளர் என்று ஒருவர் இல்லை. கடை பூட்டப்படுவதில்லை. கை தளர்ந்து, குவளை விழுந்து, தோற்றால்தான் ஆட்டம் முடியும். அப்படியானால் கூடிய புள்ளி என்பது என்ன? தோல்வியை எவ்வளவு நேரம் தள்ளிப்போட்டோம் என்பதன் அளவு மாத்திரமே.

அந்த எண்ணும் நிலைப்பதில்லை. பழைய இயந்திரங்கள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்தியதும் பெயர்களும் புள்ளிகளும் அழிந்துபோயின. இணைய விளையாட்டுகளுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆயிரக்கணக்கான சிறு விளையாட்டுகள் 'பிளாஷ்' என்ற மென்பொருளை நம்பி இயங்கின. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. இரவு பகலாக ஆடிச் சேர்த்த புள்ளிப் பட்டியல்கள் பல அதோடு மறைந்தன. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய புனித சின்னப்பர், ஓட்டப்பந்தய வீரர்கள் வாடிப்போகும் முடிக்காகவே எவ்வளவு ஒடுக்கத்தோடு பயிற்சி செய்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். அந்த நகரின் அருகே நடந்த போட்டிகளில் வென்றவர்களுக்குக் கிடைத்தது இலை தழைகளால் கட்டிய முடிதான். ஆனால் சின்னப்பர் அந்த வீரர்களை ஏளனம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வாடும் முடிக்கே இவ்வளவு முயற்சி என்றால், வாடாததற்கு எவ்வளவு வேண்டும் என்பதே அவர் கேள்வி.

புள்ளி எண்ணாதவை

இப்போது நமது கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். 2020-இல் சி. தி நுயென் என்ற மெய்யியல் பேராசிரியர் விளையாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆடும் நேரத்துக்கு மாத்திரம் ஒரு நோக்கத்தை நாம் இரவலாக எடுத்து அணிந்துகொள்கிறோம் என்பது அவர் விளக்கம். ஆட்டம் முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க முடிகிறவரை தீங்கில்லை. விளையாட்டில் எல்லாம் தெளிவாக, ஓர் எண்ணுக்குள் அடங்கியிருப்பது இனிமையானது. ஆபத்து எங்கே என்றால், அந்தத் தெளிவுக்குப் பழகிய மனம் எண்ணுக்குள் அடங்காத வாழ்க்கையையும் எண்ணுக்குள் அடக்கப் பார்க்கிறது என்பதில்தான்.

பியர் விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். அது எதை எண்ணுகிறது? பரிமாறிய குவளைகளையும் திருப்பிப் பிடித்த குவளைகளையும் எண்ணுகிறது. வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவன் எங்கே போகிறான் என்பதை எண்ணுவதில்லை. அவனுக்கு அங்கே வீடு இல்லை, மனைவி இல்லை, அரிசி வாங்க வேண்டிய காசு இல்லை. திரையில் அவன் ஒரு நொடியில் குடித்து முடிக்கிறான். உண்மையான உடம்பிலோ ஒரு சாதாரண அளவு மதுவைக் கரைத்து முடிக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகிறது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. தவறணையிலிருந்து தகப்பன் திரும்பும் காலடி ஓசைக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். குவளைகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை மறுநாள் கைத்தொலைபேசியில் குவளை தள்ளிப் புள்ளி சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மனதில் அந்த இரண்டு கணக்குகளும் எங்கே சந்திக்கும்?

இதற்கு மறுப்பு உண்டு. "சதுரங்கம் ஆடுகிறவன் அரசனை வீழ்த்துகிறான், அதனால் அவன் கொலைகாரன் ஆகிவிட்டானா? படத்தில் பியர் ஊற்றுகிறவன் குடிகாரன் ஆகிவிடுவானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகமாட்டான் என்பதே பதில். விளையாட்டின் வேடம் வேறு, வாழ்க்கை வேறு. பரிமாறுகிறவன் குடிப்பதும் இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. சதுரங்கப் பலகையை வாள் விற்பவன் செய்து தரவில்லை. 'டாப்பர்' இயந்திரத்திலோ பட்வைசர் என்ற பியரின் அடையாளமே பொறிக்கப்பட்டிருந்தது. முதலில் மதுக்கடைகளில் வைப்பதற்காகத்தான் அது எண்ணப்பட்டது. சிறுவர் கூடும் விளையாட்டு நிலையங்களுக்கு அது போனபோது, பிள்ளைகளுக்கு மது விளம்பரம் செய்வதாகாதா என்ற கவலை எழுந்தது. 1984-இல் பியரை நீக்கி, 'ரூட் பியர்' என்ற மதுவற்ற பானத்தை வைத்து அதே விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையும் குவளையும் வேகமும் மாறவில்லை, புள்ளியும் மாறவில்லை. அப்படியானால் விளையாட்டின் இன்பத்துக்குப் பியர் தேவைப்படவே இல்லை. பியருக்குத்தான் விளையாட்டு தேவைப்பட்டது.

நமது நாட்டில் 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதையும் தடைசெய்தது. சுவரிலும் பத்திரிகையிலும் உள்ள விளம்பரத்தை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். எங்கோ ஒரு நாட்டில் செய்யப்பட்டு, பிள்ளையின் உள்ளங்கையில் திறக்கும் விளையாட்டை வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். பிடுங்கி எறிவதற்காக அல்ல, பக்கத்தில் இருந்து, "இதைச் செய்தவன் யார்? இதில் எதை எண்ணுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்?" என்று பிள்ளையோடு பேசுவதற்காக. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, விளையாட்டுக்கு வெளியேயும் அதைக் கேட்கும். பரீட்சைப் புள்ளி எதை எண்ணுகிறது, எதை எண்ணவில்லை? மாத விற்பனை இலக்கு எதை எண்ணுகிறது? இடுகைக்குக் கிடைத்த விருப்பக்குறிகள் எதை எண்ணுகின்றன?

எண்ணுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. கரைவலை இழுப்பவர்களும் மீனை எண்ணுகிறார்கள், நிறுக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்காகப் பிரிந்து, ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் போய்ச் சேருகிறது. மனிதரிடம் திரும்பிச் சேருகிற எண் நல்ல எண். தன்னையே சுற்றிச் சுற்றி வருகிற எண்ணில்தான் மனிதன் அகப்பட்டுக்கொள்கிறான்.

நிதானம் என்ற பண்பு

நமது உட்துறைமுகத்தில் 'சோபர்' தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வெறி இல்லாதவன், தெளிவுள்ளவன் என்று பொருள். தெளிவு குடிப்பவனுக்கு மாத்திரம் தேவையான பண்பு அல்ல. ஒரு துளி மதுவும் அருந்தாமல், வெறும் புள்ளியால் வெறிகொள்ளவும் மனிதனால் முடியும். அந்த இரு வெறிகளுக்கும் பொதுவான அடையாளம் 'இன்னும் ஒன்று' என்ற சொல். இன்னும் ஒரு குவளை, இன்னும் ஓர் ஆட்டம்.

ஆகவே புள்ளி சேர்க்கும் இளைஞருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் மூன்று எளிய சோதனைகளைச் சொல்லலாம். முதலாவது, புள்ளி ஏறிக்கொண்டிருக்கும்போதே அம்மா கூப்பிட்டால் எழுந்து போக முடிகிறதா? தோற்ற பின்பு நிறுத்துவது எளிது. வென்றுகொண்டிருக்கும்போது நிறுத்துவதுதான் தெளிவு. இரண்டாவது, நம்முடைய எண்ணை நண்பன் முறியடித்தால் அவனோடு சேர்ந்து மகிழ முடிகிறதா? முடியாவிட்டால் அகுஸ்தீனின் ஆசிரியர் நமக்குள்ளும் இருக்கிறார். மூன்றாவது, விளையாட்டை மூடிய பின் எதிரே இருக்கும் மனிதரின் முகம் சலிப்பாகத் தோன்றுகிறதா, அல்லது இளைப்பாறிய கண்களோடு அதைப் பார்க்க முடிகிறதா?

இந்த மூன்றிலும் தேறுகிறவன் 20,000 அல்ல, இரண்டு லட்சம் புள்ளிகள் பெற்றாலும் நாம் கைதட்டலாம். அவன் பெற்றது ஓர் இன்பமான இளைப்பாறுதல்; வில் சற்றே தளர்ந்தது, நாளை மறுபடியும் எய்யலாம். தேறாதவன் 200 புள்ளி பெற்றாலும் அவன் கொடுத்த விலை அதிகம். பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள், கேட்டு அவனோடு மகிழுங்கள். பிறகு, "சாப்பாடு ஆறுகிறது, வா" என்று அழையுங்கள். அவன் எழுந்து வந்து சாப்பாட்டு மேசையில் உங்களோடு உட்கார்ந்தால், அந்த விளையாட்டு அவனிடமிருந்து எதையும் பறித்துக்கொள்ளவில்லை என்று நிம்மதி கொள்ளலாம்.